மாமாவுக்குத் தனி டம்ளர்

"அக்கா! என் டம்ளரை மாமா தொட்டாரா இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

காலங்காத்தாலேயே மச்சினன் ஆரம்பித்துவிட்டான்.

"தொட்டா என்னடா? உருகிடுமா?" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

வேலை மாற்றலாகி வந்தவன், வீடு கிடைக்கிற வரைக்கும் என்று அக்கா வீட்டில் பெட்டியை இறக்கினான். இறக்கிய அன்றே மாமா ஒரு மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டான். கல்லீரலில் ஹெபடைட்டிஸ் சி கிருமியாம். மூன்று மாதம் தினம் தவறாமல் மாத்திரை போட்டால் போய்விடுமாம். அவ்வளவுதான், ஐயாவுக்கு உதறல் எடுத்துவிட்டது.

மாமாவுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. டிவி ரிமோட்டைக் கைக்குட்டையால்தான் பிடிப்பான். மாமா இங்கே தும்மினால் இவன் மொட்டைமாடியில் நிற்பான்.

லிஃப்ட் மெக்கானிக்கான மாமா தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பார்த்துப் பார்த்து அக்காவுக்குத்தான் வயிறு எரியும்.

"டம்ளர்ல எல்லாம் ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாங்கடா."

"அது மாமா மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. இன்னிக்கு நானும் கூடப் போறேன். நேர்லயே கேக்கறேன். ஒட்டும்னு சொல்லிட்டா, மருந்து முடியற வரைக்கும் மாமா மாடி ரூமுக்குப் போயிடணும்."

"நல்லா இருக்குடா நியாயம்! யாரு வீட்ல யாரு மாடிக்குப் போறது?"

"விடு," என்று சிரித்தார் மாமா. ஆனால் முகம் வாடிவிட்டது. "டாக்டர் சொன்னா போயிடறேன்."

மச்சினன் வெற்றிக் களிப்போடு குளியலறைக்குள் புகுந்தான். சோபா விற்கிற ஷோரூமில் வேலை. கன்னம் எப்போதும் மழமழவென்று இருக்க வேண்டும். வெளியே வந்தபோது, முகத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் போலிருந்தது. தாடையோரம் மட்டும் ஒரு சின்ன வெட்டு.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தான்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "மருந்து பிரமாதமா வேலை செய்யுது. இப்பவே ரத்தத்துல கிருமி தெரியல. ஆனாலும் பாதியில நிறுத்திடாதீங்க, மீதியையும் முடிச்சிடுங்க," என்றார்.

மாமா பெருமூச்சு விட்டார். மச்சினனுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை.

"அது இருக்கட்டும் மேடம். எங்களுக்கு ஒட்டிக்காம இருக்க என்ன பண்ணணும்? டம்ளர், தட்டு, தலையணை..."

"ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒரே தட்டுல சாப்பிடலாம், கட்டிப் பிடிச்சுக்கலாம். இது ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குப் போற கிருமி."

மச்சினன் முகம் தொங்கிவிட்டது. "ஒண்ணுமேவா இல்ல?"

"ஒண்ணு இருக்கு. அவர் ரேசரை வேற யாரும் தொடக்கூடாது. டூத் பிரஷ், நகவெட்டியும் அப்படித்தான். சின்னக் கீறல் போதும். இதை முதல் நாளே இவர்கிட்ட சொல்லிட்டேனே!"

மச்சினன் கை தானாகத் தாடைக்குப் போனது.

வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். மாமாவை ஒட்டி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மாமா... குளியலறை அலமாரியில இருக்கே உங்க ரேசர்... வந்த நாள்லேருந்து அதுலதான் நான்..." தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு மாமா. என் கதை முடிஞ்சுது."

"நீ அதுலதான் ஷேவ் பண்றேன்னு தெரியுமே," என்றார் மாமா.

"தெரியுமா? தெரிஞ்சுமா வாயைத் திறக்கல? ஒரு டம்ளருக்குப் போயி இப்படியா பழி வாங்குவீங்க? நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

மாமா அவன் தோளில் கை போட்டார். இவன் உதறவில்லை.

"மாப்ளே, என் கல்யாணத்துக்கே என் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்து நின்ன ஆளு நீ. சீப்பு, சட்டைன்னு எதை நீ சொந்தமா வாங்கியிருக்கே? என் ரேசரைத் தொடாதேன்னு சொன்னா ரோஷப்பட்டுக்கிட்டு கிளம்பிடுவே, உங்க அக்கா அழுவா. அதான் நீ வர்றேன்னு தெரிஞ்ச அன்னிக்கே என்னோடதை டூல்ஸ் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன்."

"அப்ப... அலமாரியில இருக்கறது?"

"உனக்குன்னு வாங்கி வெச்ச புதுசுடா. பிளேடு மாத்தறதைத் தவிர நான் அதைத் தொடறதே இல்ல."