பத்து மாவில் ஒரு காற்றாலை

"இது யார் நிலம்?"

"அய்யா நிலமுங்க."

"கெட்டது போ. ஆபீசர்கிட்ட இப்படிச் சொன்னா காத்தாடி எப்படி வரும்? மறுபடியும் கேக்கறேன். இது யார் நிலம்?"

கண்ணுசாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். "என்... நிலமுங்க."

"சத்தமாச் சொல்லு."

மிராசுதார் ரெத்தினத்துக்கு எரிச்சலாக வந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது தன் நிலத்தை அவர் பலர் பெயரில் பிரித்து எழுதி வைத்தார். மச்சான் பெயரில் கொஞ்சம், சமையல்காரர் பெயரில் கொஞ்சம், பண்ணையாள் கண்ணுசாமி பெயரில் இந்தப் பத்து மா, அதாவது மூன்றேகால் ஏக்கர். பட்டா அவன் பெயரில் இருந்தது. நெல் மட்டும் அவர் களத்துக்கு வந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரு சிக்கலும் இல்லை.

இப்போது சிறு விவசாயிகளுக்குச் சர்க்கார் இலவசமாகக் காற்றாலை வைத்துத் தருகிறதாம். நீடாமங்கலம் போய்விட்டு வந்த கண்ணுசாமிதான் ஊர்ப் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னான். டீசல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், காற்றடித்தால் தண்ணீர். மேட்டூர் திறப்பு தள்ளிப்போகிற வருஷங்களில் அதைவிட வேறென்ன வேண்டும்? மனு அவன் பெயரில், தண்ணீர் தன் வயலுக்கு. ரெத்தினம் அன்றைக்கே மனுப் போட வைத்துவிட்டார்.

இடம் பார்க்க வந்த அதிகாரி நடராசன் சின்ன வயசுக்காரர். வரப்பு மூலைகளில் குச்சி நட்டுச் செருகியிருந்த பனையோலைக் காற்றாடிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதெல்லாம் யார் வச்சது?"

"நான்தாங்க" என்றான் கண்ணுசாமி. "மூணு மாசமாப் பாக்கறேன். மத்த மூலையிலே அப்பப்ப நின்னுடுது. தென்மேற்கு மூலையிலதான் விடாமச் சுத்துது."

"நாங்க கருவி வச்சுப் பண்ற வேலையை ஓலையிலேயே முடிச்சிட்டீங்களே. அங்கேயே வச்சிடலாம்." நடராசன் குறித்துக்கொண்டார். "நிலம் உங்களோடதுதானே?"

"என் நிலமுங்க" என்றான் கண்ணுசாமி, சத்தமாகவே. பின்னால் நின்ற ரெத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நாலு நாள் கழித்துக் கண்ணுசாமி முகம் வாடி வந்து நின்றான்.

"இது நமக்கு வேண்டாங்கய்யா. எனக்குப் பயமா இருக்கு."

"இப்ப என்னடா பயம்?"

"சுத்தி எல்லாம் அய்யா வயலு. பின்னால தகராறு வரும்னு ஆபீசர் யோசிக்கிறாரு. அய்யா எழுதிக் குடுக்கணுமாம்."

"என்னன்னு?"

"இந்த நிலத்துல அய்யாவுக்குப் பாத்தியதை இல்லைன்னு. பன்னண்டு வருசமா கண்ணுசாமிதான் சொந்தத்துல சாகுபடி பண்றான்னு."

ரெத்தினம் யோசித்தார். எழுதிக் கொடுப்பது என்றால் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் கசக்கும்.

"வேண்டாங்கய்யா" என்றான் கண்ணுசாமி. "அடுத்த மனு சாமிதுரையோடதுதான். அவன் வயல்ல வச்சிட்டுப் போகட்டும்."

சாமிதுரை விவசாயச் சங்கத்துக்காரன். கூலிக்காக மூன்று தடவை அவர் வாசலில் கொடி பிடித்தவன். அவன் வயலில் காற்றாலை சுற்றுவதை மாடியிலிருந்து தினமும் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததுமே ரெத்தினத்தின் கை பேனாவைத் தேடியது. கோணல்மாணல் இல்லாமல், தன் கைப்பட எழுதினார். கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்துச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார். கண்ணுசாமி காகிதத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டு போனான்.

ஆடி பிறந்ததும் காற்றாலை சுழன்றது. குழாயிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டியது. ரெத்தினம் கையை நீட்டி நனைத்துக்கொண்டார். நாற்றங்கால் வாடிக் கிடந்த நேரத்தில் அது குளுகுளுவென்று இருந்தது.

"எல்லாம் நல்லா முடிஞ்சுது சார்" என்றார், பார்க்க வந்திருந்த நடராசனிடம். "நான் எழுதிக் குடுத்த லெட்டர் சரியா இருந்துதா?"

"எந்த லெட்டருங்க?"

"எனக்குப் பாத்தியதை இல்லைன்னு நீங்க கேட்டீங்களே."

"நான் கேக்கலையே. பட்டா கண்ணுசாமி பேர்ல இருக்கு. எங்களுக்கு அது போதும்." நடராசன் விடைபெற்றுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் திரும்பியதும் ரெத்தினம் கண்ணுசாமி பக்கம் வந்தார். "அந்த லெட்டர் எங்கடா?" என்றார்.

மடை வெட்டிக்கொண்டிருந்த கண்ணுசாமி நிமிர்ந்தான்.

"மன்னார்குடி தாலுகா ஆபீஸ்லங்க. சாமிதுரைதான் கூட வந்தான். பன்னண்டு வருசமா நான்தான் உழுறேன்னு நான் சொன்னப்பல்லாம் யாரும் நம்பலை. அய்யா கையெழுத்தைப் பாத்ததும் சாகுபடிக் கணக்குல என் பேரை எழுதிட்டாங்க. இனிமே நெல்லும் எனக்குத்தானுங்க."

ரெத்தினம் அண்ணாந்து பார்த்தார். மேலே இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அப்ப இந்தக் காத்தாடி எதுக்குடா?"

"அதுக்கு ஆசைப்பட்டது நீங்கதானே. வேணும்னா கழட்டிட்டுப் போங்கய்யா" என்றான் கண்ணுசாமி, மரியாதை குறையாமல். "எனக்குக் காயிதம் போதும்."