பதினெட்டு டிகிரி

"உடைக்க வேண்டாம் தம்பி. சாவி என்கிட்டதான் இருக்கு."

ஹாலிவெல் கழுத்தில் மாட்டியிருந்த கயிற்றிலிருந்து ஒரு சின்னச் சாவியைக் கழற்றி நீட்டினார். வாசலை ஒட்டிய நடைவழிச் சுவரில், வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டு. கூண்டுக்கு ஒரு பூட்டு.

ஹீட்டிங் சரி பார்க்க வந்த கீரன் பூட்டைத் திறந்தான். உள்ளே முள் பதினெட்டில் நின்றது.

"பூட்டு எதுக்கு சார்? பேரப்பிள்ளைங்க வந்து திருகுறாங்களா?"

முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மாடிப்படியின் கடைசிப் படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பேரப்பிள்ளைங்க இல்ல. மேவிஸுக்காகப் போட்டேன். என் சம்சாரம்."

கேட்டிருக்கக் கூடாது என்று கீரனுக்குத் தோன்றியது. பையைத் திறந்து, தேவையில்லாமல் ஒரு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான்.

"நான் பதினெட்டுல வைப்பேன். மேல படுக்கையறை அடுப்பாட்டம் கொதிக்கும். 'தொட்டியா'ன்னு கேப்பேன். 'தொடலை'ம்பா. பின்ன தானாவா ஏறும்? ஏழு குளிர்காலமா இதே பேச்சுதான். பக்கத்து வீட்டுக்காரங்களை வெச்சுக்கிட்டே, 'பொய் சொல்றதுல இவளை அடிச்சுக்க ஆள் கிடையாது'ன்னு சொல்லிச் சிரிச்சிருக்கேன். அவளும் கூடவே சிரிப்பா. அதான் இப்ப நெனைச்சா தாங்கல."

கீரன் ஸ்பேனரைத் தேடுவதை நிறுத்தினான்.

"புது வருஷம் பிறந்த ரெண்டாம் நாள் இந்தப் பூட்டை வாங்கிட்டு வந்து மாட்டினேன். பாத்துக்கிட்டே நின்னா. ஒரு வார்த்தை சொல்லல. மோர்கம்ல தங்கச்சி வீடு இருக்கு, பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா."

"வந்துடுவாங்க சார்."

"முழுசாக் கேளு. மறுநாள் காலைல தொப்பலா வேர்த்து எந்திரிச்சேன். வீட்டுல நான் ஒருத்தன்தான். பூட்டு போட்டபடி இருக்கு. சாவி என் கழுத்துல. மேல அதே கொதிப்பு." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவ்வளவு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், யாரையும் இடிச்சதில்ல. வீட்டுக்குள்ளயே இடிச்சிருக்கேன்."

கீரனின் காது மடல்கள் சிவந்துபோயின. எழுந்து, எதுவும் கேட்காமல் மாடியேறி, பின்பக்கப் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். பிறகு நடைவழியைச் சூடாக்கும் ரேடியேட்டர் முன் மண்டியிட்டான். வெகுநேரம் அப்படியே இருந்தான்.

"என்ன தம்பி, புரியலையா?"

"புரிஞ்சுடுச்சு சார்." குரல் இறங்கியிருந்தது. "இந்த ரேடியேட்டர்ல இருக்கற வால்வு, இடம் சூடானதும் தானா அடைச்சுக்கற வகை. இது மேல படுக்கையறையில இருக்க வேண்டியது. அங்க இருக்கற சாதா வால்வு இங்க இருக்கணும். மாத்தி மாட்டியிருக்கு."

"அதனால என்ன?"

"இது நடையைச் சூடாக விடாம அடைச்சுடுது. சுவத்துல இருக்கற தெர்மோஸ்டாட், வீடு இன்னும் குளிருதுன்னு நெனச்சு பாய்லரை நிறுத்தாம எரிய விடுது. அந்தச் சூடு பூரா படுக்கையறைக்குப் போகுது. அங்க தடுக்க எதுவுமில்ல."

"நடையில யார் உக்காரப் போறாங்கன்னு அந்த வால்வைக் குறைச்சலா ரெண்டாம் நம்பர்ல வெச்சது நான்தான்."

"அது தப்பில்ல சார். அது இங்க இருந்ததே தப்பு. உங்க சம்சாரம் எதையும் தொடல."

ஹாலிவெல் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்த மடையன் இதை மாட்டினான்?" என்றார்.

"அடுத்த வேலைக்கு ஓடற அவசரத்துல மாட்டியிருப்பான் சார்."

"அவனுக்கு ஒரு நாள் அவசரம், எங்களுக்கு..." பாதியில் நிறுத்தித் தலையாட்டினார். "வேணாம், அவனை ஏன் திட்டணும். வால்வை மாத்தினவன் அவன். பொய்க்காரின்னு சொன்னவன் நான்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"மதியத்துக்குள்ள ரெண்டையும் இடம் மாத்திடறேன் சார்," என்றான் கீரன் அவசரமாக.

"அது இருக்கட்டும். இதை நீ அவகிட்ட சொல்லணும். நான் பேசினா போனை வெச்சுடுறா. தொழில் தெரிஞ்சவன் சொன்னா கேப்பா."

"நானா? வேண்டாம் சார். நீங்களே..."

அதற்குள் மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் போனை அவன் கையில் திணித்தார். ஸ்பீக்கரில் மேவிஸின் குரல், கணவரைப் பெயர் சொல்லி, "இப்ப என்ன க்ளிஃப்?" என்றது.

"அம்மா, நான் ஹீட்டிங் பாக்க வந்திருக்கேன்." கீரன் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு வால்வையும், பாய்லரையும், அவள் எதையும் தொட்டிருக்கவில்லை என்பதையும்.

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அவர் கேட்டுட்டு இருக்காரா?"

"பக்கத்துலதான் இருக்காரும்மா. படியில உக்காந்து அழறார்."

"அழட்டும்." குரல் கரகரத்தது. "ஏழு வருஷத்துக்கு முன்ன அந்த வால்வையெல்லாம் மாட்டினப்ப அவர் டியூட்டிக்குப் போயிருந்தார். நான்தான் இருந்தேன். ஒரு பையன் வந்தான். பேர் மறந்துபோச்சு. அவனைத் தேடிப் பிடிக்க முடியுமா தம்பி? சண்டை போட இல்ல. என் புருஷன் முகத்தைப் பாத்து, 'தப்பு என்னோடது'ன்னு ஒரு தடவை அவன் வாயால சொல்லணும். அது போதும் எனக்கு."

கீரன் ஹாலிவெல்லை நிமிர்ந்து பார்த்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான்.

"தேட வேண்டாம்மா," என்றான். "அது நான்தான்."