ஒருத்தன் காலும் ஆடாது

"இந்தப் பாட்டுக்கு ஒருத்தன் காலும் ஆடாது. ஆல்பம் வேண்டாம், நிறுத்திடலாம்," என்றார், சிகாகோ ஸ்டூடியோவுக்கு வந்திருந்த இசைத்தட்டுக் கம்பெனி அதிகாரி பிரெஸ்காட்.

"கடைசியா ஒண்ணு சார். பக்கத்துலயே உட்கார்ந்து கேளுங்க," என்று சொல்லிவிட்டு, பியானோ வாசித்தபடி பாடினாள் பாடகி வெர்லீன்.

பதிவைப் போட்டுக் கேட்டால், நடுவே டக் டக் என்று சத்தம்.

"டிரம்ஸ்காரரை வெளியே அனுப்பு!" என்றார் பிரெஸ்காட்.

மறுபடி பாடினாள். மறுபடி டக் டக். பேஸ் கிட்டார் வாசித்தவரையும் அனுப்பினார். சத்தம் போகவில்லை. பிரெஸ்காட் வெர்லீன் பக்கம் திரும்பினார்.

"உன் செருப்புதான்!"

"நான் வெறுங்கால்லதான் வாசிப்பேன், சார்."

"அப்போ யாரு?"

அதே பாட்டைத் தொடங்கினாள் வெர்லீன். டக் டக். பிரெஸ்காட் குனிந்து பார்த்தார். தரையைத் தட்டிக்கொண்டிருந்தது அவருடைய பூட்ஸ்.

"டிரம்ஸ்காரரைக் கூப்பிடட்டா சார், இல்ல நீங்களே போதுமா?"