ஐந்தாவது சிலுவை

சுவிஸின் பேர்ண் நகருக்கு வெளியே ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில், ஓவியங்களைச் செப்பனிடும் தர்மிகா பஞ்சுக்குச்சியைக் கரைசலில் தோய்த்து, ஓவியத்தின் மேல் படிந்த பழுப்பை மெல்ல உருட்டி எடுக்கிறாள். யன்னலுக்கு வெளியே மத்தியான மூடுபனி அசையாமல் நிற்கிறது. ஓவியத்தில், நானூறு வருடங்களுக்கு முந்தைய சீமாட்டி பார்பரா, மடிப்பு வைத்த வெள்ளைக் கழுத்துப்பட்டியோடும் ஐந்து பிள்ளைகளோடும் இருக்கிறாள். நால்வரின் தலைக்கு மேல் சின்னச் சிவப்புச் சிலுவைகள். இறந்த பிள்ளைகளை அந்தக் காலத்தில் அப்படித்தான் குறித்தார்கள். மடியிலிருக்கும் கைக்குழந்தைக்கு மட்டும் சிலுவை இல்லை. மாளிகையின் இன்றைய சொந்தக்காரி அந்தக் குழந்தையின் வழி வந்தவள் என்று கீழே கூடத்தில் தொங்கும் வம்சப்படம் சொல்கிறது. பஞ்சு இன்னொரு தரம் உருள்கிறது. குழந்தையின் தலைக்கு மேல், பழுப்புக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு வருகிறது. பிறகு அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கோடு. தர்மிகாவின் கை நின்றுவிடுகிறது. "ஹரிஷா, இஞ்சை வந்து பாரன்." கூட வேலை செய்யும் ஹரிஷா விளக்கைத் தூக்கிக்கொண்டு குனிகிறாள். "அப்ப இவனும் செத்திட்டானோ?" "ஓம். ஆரோ பிறகு சிலுவைக்கு மேலை பூசி மறைச்சிருக்கினம்." "அப்ப இந்த வீட்டுக்கார மனுசி ஆற்ற வழி வந்தவளடி?" தர்மிகா நிமிர்ந்து திரும்புகிறாள். சொந்தக்காரி வாசலில் நிற்கிறாள்; அவள் படியேறி வந்த சத்தம் இருவருக்குமே கேட்கவில்லை. கிட்ட வந்து சிலுவையை நெடுநேரம் பார்க்கிறாள். முகத்தில் வியப்பே இல்லை. திரும்பிப் போய்க் கதவை உள்ளுக்குப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போடுகிறாள். பிறகு, மிகவும் அன்பான குரலில், ஜெர்மனில் கேட்கிறாள்: "உங்கள் இரண்டு பேரையும் தவிர, இது வேறு யாருக்காவது தெரியுமா?"