லாடமில்லாத குதிரை

இந்தக் காலத்தில் எல்லாரும் கழற்றிப் போடத்தான் சொல்கிறார்கள், திரும்ப மாட்டச் சொல்ல ஒருத்தரும் இல்லை என்று மஸ்தான் ராவுத்தருக்கு எரிச்சல். குதிரை நொண்டியபோது லாடத்தைக் கழற்றச் சொன்ன அதே டாக்டரம்மா, கால் தேறிய பிறகும் லாடம் வேண்டாம் என்றாள்.

"குளம்பு இப்பத்தான் நல்லா வளருது பாய். வண்டியையும் வித்துட்டீங்க. இனி எதுக்கு இரும்பு?"

"பூனையாட்டம் சத்தமில்லாம வந்து நிக்கிதும்மா."

"நிக்கட்டுமே."

"அந்தச் சத்தத்த விட்டா வீட்ல வேற யாரு நடக்குறா?"

அவள் குளம்பைத் தடவிப் பார்த்தாள். "லாடம் அடிச்சா மறுபடி நொண்டும் பாய்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். மண்பாதையில் அவர் செருப்புச் சத்தம் மட்டுமே கேட்டது. கயிறு கையில்தான் இருந்தது. என்றாலும் நம்பிக்கை வராமல், குதிரை வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.