கொள்ளுப் பானைக்குள் ராணி

"அரையணாவா இருந்தாலும் கணக்குச் சொல்லுடா! காசு விஷயத்துல இந்த வூட்டுல ஒளிவுமறைவு ஆவாது."

பதினைந்து வயது மகன் வேம்பு சந்தைக்குப் போய் வரும்போதெல்லாம் பச்சையம்மாள் பாடுகிற பாட்டு இது. அவனும் உப்பு காலணா, புளி அரையணா என்று ஒப்பிப்பான்.

அவளுடைய கணக்கு மட்டும் கொள்ளுப் பானைக்குள் இருந்தது. ஒன்பது வருஷமாக முந்திரிக்கொட்டை பொறுக்கி விற்ற சிறுவாட்டுக் காசு, பதினோரு ரூபாய். மகளின் தோட்டுக்காக. விக்டோரியா ராணி தலை போட்டதுதான் அசல் வெள்ளி என்று தேடித் தேடிச் சேர்த்தது. புருஷன் சின்னதுரைக்குக்கூடத் தெரியாது.

1941 ஏப்ரலில், பன்னிரண்டாவது ராணியைப் போடப் பானையில் கை விட்டு முடிச்சை அவிழ்த்தாள். அதே துணி முடிச்சு. காசும் பதினொன்று. ஆனால் ராணியைக் காணோம். அத்தனையும் புது ராஜா தலை!

திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போவான். மாற்றி வைத்துவிட்டா போவான்?

போன வாரம் வேம்பு ஒரு நாள் முழுக்க எங்கோ போய், புழுதிக் காலோடு வந்தது நினைவுக்கு வந்தது.

"ஏண்டா, நல்ல வெள்ளிய வித்துட்டுச் செம்பு கலந்தத வெச்சியா? மிச்சத்துல என்னடா தின்ன?"

அவன் திருதிருவென்று விழித்தான். முதுகில் இரண்டு வைத்தும் வாய் திறக்கவில்லை. புருஷனிடம் சொல்லலாமென்றால், எந்தக் காசு என்று கேட்பாரே! திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

பயல் எவ்வளவு சுருட்டினான் என்று தெரிந்தாக வேண்டும். கையிலிருந்த ஒற்றை ராணியோடு மளிகைக் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, இதுக்கு எவ்வளவு கூடக் குடுப்பாங்க?"

"கூடவா? ராணி ரூபா போன மாசத்தோட செல்லாது, தங்கச்சி. சர்க்கார் உத்தரவு. உருக்குனா பத்தணா தேறும். சர்க்கார் கஜானாவுல வேணா மாத்திக் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாரு."

பச்சையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வீட்டுக்கு ஓடி வேம்புவைப் பிடித்தாள்.

"நீயாடா மாத்துன?"

"ஆமாம்மா. உடையார்பாளையம் கஜானாவுல, வெயில்ல நின்னு."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அடிய வாங்கிக்கிட்டு நின்னியேடா!" அழுதேவிட்டாள். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. "பானையில இருக்கிறது ஒனக்கு எப்படிடா தெரியும்?"

வேம்பு வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அப்பாதான் எடுத்துக் குடுத்தாரு. 'உங்கம்மா எண்ணத்தான் செய்வா, மூஞ்சியவா பாக்கப் போறா? மாத்தியாந்து அதே முடிச்சுல வெச்சிடு, வாயத் தொறக்காத. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், அவ வேற பானை தேடணும்'னாரு."