பாசியம்மா

ஏரியை மூடிக் கிடந்த பச்சைப் பாசியின் வழவழப்பில் கிருமிகள் கூட்டம் கூட்டமாகக் குடியிருந்தன. வெயிலில் சமைத்த சர்க்கரையைப் பாசி ஊட்டிவிடும். அவை அதை அம்மா என்றே கூப்பிட்டன. புதிதாக வந்து ஒதுங்கிய சின்னக் கிருமிக்கும் வயிறு நிறைந்தது.

மத்தியானம் ஓர் எருமை இறங்கித் தண்ணீர் குடித்தது. கரையேறுமுன் கால் மடங்கி விழுந்தது. பிறகு அசையவில்லை.

"அக்கா, அதுக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்துக் கிருமியிடம் கேட்டது சின்னது.

"சத்தம் போடாதே. அம்மா விஷம் கக்கினா நாம அந்தப் பக்கம் பாக்கறதில்ல."

பாசி மெல்ல நெளிந்தது. "யாரு செல்லம் அங்கே பேசறது? பசிக்குதா?"

எருமையின் திறந்த கண்ணில் ஈ ஒன்று உட்கார்ந்தது. சின்னக் கிருமிக்குத் துளியும் பசியில்லை.

"ஆமாம்மா," என்று வாயைத் திறந்தது.